பெறுகை உதவியை யாரிடம் பெறுவது: திருகோணமலை உள்ளூராட்சி சபைகளின் முன்னுள்ள வழிகள்

திருகோணமலை மாவட்டத்தில் கட்டுமான வேலைக்குரிய காலத்தை வானமே தீர்மானிக்கிறது. ஐப்பசியின் பிற்பகுதியில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால், தை மாதம் வரை குச்சவெளியின் கரையோர மணலிலும் தம்பலகாமத்து வயல்வெளியிலும் வெருகலின் தாழ்நிலத்திலும் அத்திவாரம் வெட்டுவதும் வீதிக்குத் தாரிடுவதும் பெரும்பாலும் இயலாத காரியம். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31ஆம் திகதி முடிவதால், அதற்குள் செலவாகாத வருடாந்த ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆகவே தாளில் பன்னிரண்டு மாதமாகத் தெரியும் ஆண்டு, எங்கள் மாவட்டத்தில் மாசி முதல் ஐப்பசியின் முற்பகுதி வரையான ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. நிதி கிடைத்த செய்தி சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் வந்து, மதிப்பீடு ஆனியில் தயாராகி, ஒப்பந்தக்காரர்கள் தம் விலையைக் கூறும் விலைமனு ஆவணியில் திறக்கப்பட்டால், ஒப்பந்தக்காரர் களத்தில் இறங்கும் நாளும் முதல் மழையும் ஒன்றாகவே வந்து சேரும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான், பிராந்திய அபிவிருத்தி நிதியைப் பெறும் ஒரு பிரதேச சபையோ நகர சபையோ பெறுகைக்கான, அதாவது அரச பணத்தில் வேலைகளையும் பொருட்களையும் விதிப்படி ஒப்பந்தம் செய்து பெறுவதற்கான, உதவியை எங்கிருந்து பெற வேண்டும் என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி, உலக வங்கி போன்ற நிறுவனங்களின் கடனில் நடைபெறும் திட்டங்கள் என்று பணம் பல வாய்க்கால்களால் வருகிறது. எந்த வாய்க்காலால் வந்தாலும், அது பாலமாகவோ வடிகாலாகவோ சந்தைக் கட்டடமாகவோ உருப்பெறுவதற்கு முன் பெறுகை என்னும் ஒரே மதகைக் கடந்தாக வேண்டும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுக்களில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: பணம் போதாமையால் நின்ற வேலைகளைப் போலவே, அந்த மதகில் தேங்கி நின்ற வேலைகளும் ஏராளம்.

உதவி எங்கே தேவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெறுகை உதவி என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது பத்திரிகை விளம்பரம், விலைமனுப் பெட்டி, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவையே. அந்த நடுப்பகுதிக்கு விதிகள் இருக்கின்றன; மாதிரி ஆவணங்களும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி தேசிய போட்டி விலைமனுவுக்குக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் கொடுக்கச் சொன்னது. கவனமுள்ள எழுதுவினைஞர் ஒருவரே அதை வழுவின்றிப் பின்பற்றிவிடுவார். எங்கள் சபைகள் தடுமாறுவது அதற்கு முந்திய கட்டத்தில். காணியின் உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வருவதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா, வன எல்லையோ தொல்பொருள் எல்லையோ குறுக்கிடுகிறதா, மண்ணைச் சோதித்தார்களா, வேலையின் ஒவ்வோர் உருப்படியையும் அதன் அளவையும் குறிக்கும் அளவுப் பட்டியலில் எதுவும் விடுபட்டதா என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமலேயே விலைமனு கோரப்படுகிறது. பின்னர் வேலையை இடையில் மாற்றும் மாறுதல் கட்டளைகளும் கால நீடிப்புகளும் கணக்காய்வு ஐயவினாக்களும் அங்கிருந்தே முளைக்கின்றன.

ஒரு சபையின் வடிகால் வேலை ஒன்று நினைவுக்கு வருகிறது. தாழ்நிலம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஊற்றுநீரை இறைத்து வெளியேற்றும் செலவு அளவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. மிகக் குறைந்த விலை கொடுத்தவருக்கு ஒப்பந்தம் போனது. முதல் குழி வெட்டியதும் நீர் நிரம்பியது. இறைக்கும் செலவைத் தம்மால் தாங்க முடியாதென்று அவர் விலகிக்கொண்டார். வேலையை முடிப்பதற்கு உத்தரவாதமாக அவர் கொடுத்த செயலாற்றுகைப் பிணையைப் பறிமுதல் செய்யலாமா என்று கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே ஆண்டு முடிந்தது. விளம்பரம் முதல் ஒப்பந்தம் வழங்கியது வரை ஒரு விதிகூட மீறப்படவில்லை, ஆனால் வடிகால் கிடைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: விலைமனு கோருவதற்கு முந்திய ஆயத்தத்தில் அந்த வழி எவ்வளவு கைகொடுக்கும்? செலவும் பொறுப்புக்கூறலும் அதற்கு அடுத்தவை.

முதலாவது வழி, சபை தன் சொந்த அலுவலர்களைக் கொண்டே எல்லாவற்றையும் செய்வது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒரு சபையில் செயலாளர், கணக்கு வேலை பார்க்கும் அலுவலர், ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வேலை அத்தியட்சகர் என்ற அளவில்தான் ஆளணி இருக்கும். அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரே வீதி விளக்கு முறைப்பாட்டையும் கட்டட அனுமதி விண்ணப்பத்தையும் மயானச் சுற்றுமதில் மதிப்பீட்டையும் பார்க்கிறார். ஊரை அவரளவுக்கு அறிந்தவர் வேறு இல்லை. எந்த மதகு மழையில் அடைக்கும், எந்த ஒழுங்கையில் கல் ஏற்றிய டிப்பர் திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். இந்த அறிவை எந்தக் கட்டணம் கொடுத்தும் வெளியிலிருந்து வாங்க முடியாது. எனினும் அவருக்கு நேரம் இல்லை. 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய பெறுகை வழிகாட்டிகளை ஆழ்ந்து படிக்கும் வாய்ப்பும் பலருக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியின் பழக்கத்தில் ஊறிய கைகள் ஓரிரு நாள் பயிற்சி வகுப்பால் மாறிவிடுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பயிற்சி பெற்றவர் இடமாற்றத்தில் போய்விட்டால் சபை மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். வழமையான கொள்வனவுக்கும் சிறு திருத்த வேலைகளுக்கும் இந்த வழி போதும். பாலம், நீர்வழங்கல், மாடிக் கட்டடம் போன்றவற்றுக்கு இதை மட்டும் நம்பியிருப்பது அந்த ஓர் அலுவலரின் தலையில் சுமையை ஏற்றிவிட்டு நாம் விலகி நிற்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வழி, வேலையை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், கட்டடங்கள் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் போன்ற துறைசார் திணைக்களத்திடம் ஒப்படைப்பது. அங்கே பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். வரைபடங்களும் அலகு விலைப் பட்டியல்களும் கைவசம் உண்டு. பெரிய பாலம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான கைகள் மாவட்டத்தில் இல்லை. ஆனால் திணைக்களத்துக்குத் தன் சொந்த வேலைத்திட்டம் முதன்மையானது; சபையின் வேலை வரிசையின் கடைசியில் நிற்கும். சபை உறுப்பினர் கேள்வி கேட்டால் தவிசாளர் திணைக்களத்தைக் காட்டுவார். திணைக்களத்தைக் கேட்டால் நிதி சபையினுடையது என்பார்கள். பொறுப்பு இரு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறது.

மூன்றாவது வழி, திட்டத்துக்குத் திட்டம் ஓர் ஆலோசகரைக் கட்டணத்துக்கு அமர்த்துவது. வெளிநாட்டு நிதித் திட்டங்களில் இது பரவலாக நடக்கிறது. நல்ல ஆலோசகர் ஒருவர் மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் விதமே வேறு: ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஆவணத்தின் எந்த வாசகம் காரணம் என்று காட்டுவார், மேன்முறையீடு வந்தால் அறிக்கை தன் காலில் நிற்கும். உலக வங்கியின் கடனில் நடைபெறும் வேலைக்குக் கடன் உடன்படிக்கை சுட்டும் பெறுகை விதிகளே முன்னுரிமை பெறும். வங்கி 2016 ஜூலையில் தன் பெறுகைக் கட்டமைப்பையே மாற்றியமைத்தது. அத்தகைய விதிகளை நன்கறிந்தவர் ஒருவர் இல்லாமல் அவ்வேலையில் இறங்குவது ஆபத்து. அந்த இடத்தில் ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் இந்த வழியில் எனக்கு மூன்று தயக்கங்கள் உண்டு. ஆலோசகரை அமர்த்துவதே ஒரு பெறுகை. அதற்கும் பணி விதிமுறை எழுதி, விண்ணப்பம் கோரி, மதிப்பிட்டு, ஒப்பந்தம் செய்ய வேண்டும். எட்டு மாத ஆண்டில் அதற்கே கணிசமான காலம் போய்விடும். அடுத்து, நிதி உறுதியான பிறகே அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதால், ஆயத்தக் கட்டத்தில் அவர் இருக்கமாட்டார். விலைமனு ஆவணம் எழுதும் வேளையில்தான் வந்து சேர்வார். மேற்சொன்ன வடிகாலை அப்படி வந்த ஒருவராலும் காப்பாற்றியிருக்க முடியாது. மூன்றாவதாக, திட்டம் முடிந்ததும் அவர் தம் மடிக்கணினியோடு போய்விடுவார். ஏன் அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டது என்ற நினைவும் அவரோடு போய்விடும். இரண்டு ஆண்டு கழித்துக் தேசிய கணக்காய்வு அலுவலகத்திலிருந்து ஐயவினா வரும்போது பதில் எழுத வேண்டியவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு முகாமைத்துவ உதவியாளர். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் நட்டத்தைப் பொறுப்பான அலுவலரிடமே அறவிடுவதற்கு வழி செய்த பின்னர், இது வெறும் சங்கடம் என்ற நிலையைக் கடந்துவிட்டது.

நான்காவது வழியே என் மனதுக்கு மிக நெருக்கமானது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல சபைகள் சேர்ந்து, மாவட்டத்தில் உள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்தோடு இணைந்த ஒரு சிறிய பெறுகை உதவிப் பிரிவை வைத்துக்கொள்வது அது. ஒரு பொறியியலாளர், அளவுப் பட்டியலில் தேர்ந்த ஒருவர், பெறுகை விதிகளை அறிந்த ஒரு கணக்காளர், மூன்று மொழியிலும் ஆவணம் எழுதத்தக்க ஒருவர் ஆகிய நால்வர் போதும். தீர்மானிக்கும் அதிகாரம் சபையின் பெறுகைக் குழுவிடமே இருக்கும். பிரிவின் கடமை ஆயத்தம் செய்வதும் அறிவுரை கூறுவதும் மட்டுமே. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையாவிட்டால், சபைகளின் அதிகாரத்தைக் கச்சேரியடிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, இழுத்துச் செல்லும் இன்னொரு அலுவலகம் என்ற குற்றச்சாட்டு எழும். அது நியாயமான குற்றச்சாட்டாகவும் இருக்கும். தேர்தலின்றி விசேட அலுவலர்களின் கீழ் இருந்த சபைகளுக்கு 2025 மே மாதத்தில்தான் மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். அவர்கள் தெரிவு செய்தவர்களின் கையிலிருந்து தீர்மானத்தைப் பறிக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்தப் பிரிவின் பெறுமதி நிதி வராத மாதங்களில்தான் தெரியும். மழை பெய்யும் கார்த்திகையிலும் மார்கழியிலும் அந்த நால்வரும் சபை சபையாகச் சென்று, அடுத்த ஆண்டுக்குரிய வேலைகளின் காணி, அனுமதி, அளவு, மதிப்பீடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தலாம். வெள்ளம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த காலம் கிடையாது. பெப்ரவரியில் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தாலும் மேயில் வந்தாலும், விலைமனு அழைப்பு ஒரு வாரத்தில் வெளியாகிவிடும். தனி ஆலோசகரோ துறைசார் திணைக்களமோ இந்தப் பணியைச் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு வேலைக்கட்டளை பிறப்பதே நிதியின் பிறகுதான்.

இன்னொரு நன்மை, மாவட்டம் முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்க முடிவது. 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் விலைமனு போடும் ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் அறிந்த முகங்களே. மூன்று போட்டி விலைமனுக்களில் ஒரே எழுத்துப் பிழை, ஒரே கூட்டல் பிழை இருப்பதை ஒரு சபை தற்செயல் என்று எண்ணக்கூடும். நான்கு சபைகளில் அதே மூவர் மாறிமாறி வெல்வதைக் காணும் பிரிவு அப்படி எண்ணாது. கந்தளாயில் கருங்கல் சல்லியின் விலை என்ன, கிண்ணியாவில் ஆற்று மணல் அனுமதிப்பத்திரத்துடன் என்ன விலைக்குக் கிடைக்கிறது, அதை ஏ15 வீதியால் வெருகல் வரை ஏற்றிச் செல்ல என்ன செலவு என்பவற்றை ஒருமுறை சேகரித்தால் எல்லாச் சபைகளும் பயன்பெறும். பழைய அலகு விலையில் மதிப்பீடு போட்டு, வந்த விலைமனுக்கள் யாவும் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டதால் அழைப்பையே இரத்துச் செய்த அனுபவம் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வாய்த்தது. அந்த ஆண்டில் கையிருப்பைத் தொலைத்த சிறு ஒப்பந்தக்காரர் பலர், கடன் தீராமல், இன்றுவரை அரச வேலைக்கு வரத் தயங்குகிறார்கள்.

அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தரப்படுத்தலில் கீழ்ப்படிகளில் உள்ள உள்ளூர் ஒப்பந்தக்காரர் பலர், கொங்கிறீட்டில் கைதேர்ந்தவர்களாக இருந்தும் ஆவணத்தில் தோற்றுப்போகிறார்கள். விலைமனு ஆவணம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பிணையின் செல்லுபடிக் காலம் சில நாள் குறைந்தாலோ ஒரு பக்கத்தில் கையொப்பம் விடுபட்டாலோ விலைமனு தள்ளுபடியாகும். அப்படி மூவரையும் தள்ளுபடி செய்துவிட்டு, வேலையை மீண்டும் விளம்பரப்படுத்த நேர்ந்த ஒரு மாலையில், குழுவில் இருந்த எங்கள் எல்லோருக்கும் மனம் கனத்தது. விதிப்படி வேறு வழி இருக்கவில்லை. அழைப்பு வெளியான வாரத்தில், எல்லா ஒப்பந்தக்காரருக்கும் பொதுவாக, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு விளக்கக் கூட்டம் நடத்துவதும், படிவம் நிரப்பும் முறையை எழுதிக் கொடுப்பதும் எவருக்கும் சலுகை காட்டுவதாகாது. பொதுப் பிரிவு ஒன்று இருந்தால் இதை வழக்கமாக்கிவிடலாம்.

இதன் பலவீனங்களும் சிறியன அல்ல. நால்வரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்பது முதல் கேள்வி. வருமானம் மிக்க நகரப்புறச் சபையும் வரிவருமானம் அற்ற மொறவெவ, கோமரங்கடவல போன்ற பகுதிகளின் சபைகளும் ஒரே பங்கு செலுத்த முடியாது. 2010ஆம் ஆண்டளவில் வடக்குக் கிழக்கு உள்ளூராட்சி சபைகளில் தொடங்கிய நெல்சிப் (வடக்குக் கிழக்கு உள்ளூர் சேவைகள் மேம்பாட்டு) திட்டத்தின் காலத்தில் சபைகளுக்குத் தொழில்நுட்பத் துணை கிடைத்தது. ஆனால் திட்டப் பணத்தில் அமர்த்தப்படும் ஆட்கள் திட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவது எங்கும் உள்ள கதை. ஆகையால் இந்தப் பிரிவு திட்டப் பணத்தில் தொடங்கலாம், திட்டப் பணத்தில் நிலைக்கக் கூடாது. மாகாண ஆளணியில் அங்கீகரிக்கப்பட்ட பதவிகளாக அவை இருக்க வேண்டும். அரசியல் செல்வாக்கால் ஒரு சபையின் கோப்பு மற்றொன்றை முந்தும் அபாயமும் உண்டு. கோப்பு வந்த திகதியையும் வெளியேறிய திகதியையும் மாதந்தோறும் எல்லாச் சபைகளுக்கும் அனுப்புவதைவிட எளிய தடுப்பு எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது வழி, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றிடம் நேரடியாக வேலையைக் கொடுக்கும் சமூக ஒப்பந்தம். பெறுகை விதிகள் இதற்கு ஒரு பண எல்லை வைத்து அனுமதிக்கின்றன. கிராமத்து உள்வீதி, வாய்க்கால் துப்புரவு, சிறு மதகு, மீனவர் இறங்குதுறைத் திருத்தம் போன்றவற்றில் இதன் பலனை நான் நேரில் கண்டிருக்கிறேன். கூலி ஊருக்குள்ளேயே சுழல்கிறது. சீமெந்துக் கலவையைக் குறைத்தால் அடுத்த வீட்டுக்காரரே கேட்பார். இடர் எங்கே என்றால், சங்கத்தின் பெயரில் வேறொருவர் வேலை செய்து, பொருளாளர் கையொப்பம் மட்டும் வைக்கும் நிலையில். முற்பணம் தாமதமானால் சங்கம் கடையில் கடனுக்குப் பொருள் எடுக்கிறது. கடைக்காரர் நெருக்கும்போது, பணம் உள்ள ஒருவர் உதவிக்கு வருகிறார், வேலை அவர் கைக்குப் போய்விடுகிறது. ஆகவே இங்கே வேண்டிய பெறுகை உதவி சட்ட அறிவைவிடக் கணக்கு எழுதும் உதவியே: வரவுப் புத்தகம், கூலிப் பதிவு, பற்றுச்சீட்டு, காலத்தில் முற்பணம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலத்தின் புனரமைப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் மாற்றுப் போக்குவரத்தாக ஓடிய மிதப்புப் பாதை என்னும் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் பறிபோயின. அந்தத் துயரத்தின் முழுக் காரணத்தையும் பெறுகையின் மேல் சுமத்த நான் முற்படவில்லை. ஆனால் அதன் பின், ஒரு பாலத்தையோ வீதியையோ மூடும் எந்த வேலையின் அளவுப் பட்டியலையும், அதில் பாதுகாப்பான மாற்று வழிக்கென்று தனி உருப்படியும் தனி விலையும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் நான் கீழே வைத்ததில்லை. பிள்ளைகள் எவ்வழியாகப் பள்ளிக்கூடம் போவார்கள் என்ற கேள்வி விலைமனு ஆவணத்துக்குள் வரவேண்டிய கேள்வி.

தகவல் உரிமையும் அப்படியே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் உள்நாட்டு நிதித் திட்டங்களையும் 1 இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும் வெளிநாட்டு நிதித் திட்டங்களையும் பற்றி, அவை தொடங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னரே மக்களுக்கு அறிவிக்கும் கடமையைப் பொறுப்பான அமைச்சர் மீது விதிக்கிறது. ஆயத்தம் முன்கூட்டியே முடிந்த வேலைக்குத்தான் இந்த மூன்று மாதம் பொருளுள்ள காலமாகும்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். சமூக ஒப்பந்த எல்லைக்குள் அடங்கும் வேலைகளை, கணக்கு எழுதும் உதவியோடு, ஊர்ச் சங்கங்களிடமே கொடுக்கலாம். பெரிய பாலங்களையும் சிக்கலான நீரியல் வேலைகளையும் துறைசார் திணைக்களத்திடம் ஒப்படைக்கலாம். அப்போது சபையும் திணைக்களமும் யார் யாருக்கு எந்தத் திகதியில் எதைக் கொடுப்பதென்று எழுத்தில் உடன்பட வேண்டும். கடன் கொடுப்போரின் தனி விதிகள் பொருந்தும் வேலைகளுக்கு மட்டும் ஆலோசகரை அமர்த்தலாம். அவர் போவதற்கு முன் தீர்மானக் குறிப்புகளைச் சபையின் கோப்பில் ஒழுங்காகச் சேர்த்துவிட்டால்தான் இறுதிக் கொடுப்பனவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எஞ்சிய நடுத்தர வேலைகளே சபைகளின் பெரும்பங்கு: வடிகால், சந்தை, நூலகம், வாசிகசாலை, உள்வீதி, பொதுக் கிணறு. அவற்றுக்குப் பொதுப் பிரிவே பொருத்தம் என்பது என் முடிவு.

எல்லாச் சபைகளும் ஒரே நாளில் உடன்படும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவை ஒட்டியும் அதற்குத் தெற்கேயும் உள்ள மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல் ஆகிய அயற்சபைகள் ஒரு பொறியியலாளரையும் ஓர் அளவுப் பட்டியல் அலுவலரையும் பகிர்ந்துகொண்டு, வருகிற கார்த்திகையில் சபைக்கு இரண்டு வேலைகள் வீதம் ஆயத்தம் செய்யத் தொடங்கலாம். அந்த எட்டுக் கோப்புகளிலும் காணி உறுதியின் பிரதி, திணைக்கள அனுமதிகள், வெள்ளம் நிற்கும் மட்டத்தைக் குறித்த வரைபடம், நடப்பு விலையில் மதிப்பீடு, மாற்று வழிக்கான உருப்படி ஆகிய ஐந்தும் தைப்பொங்கலுக்கு முன் இருக்கின்றனவா என்பதைச் சபை அமர்வில் தவிசாளர் வாசித்து அறிவிக்கட்டும்.